இணையத்தில் வாக்குக் கேட்பதற்கு என்ன விதி?

தேர்தல் காலத்தில் கூகுளில் தொகுதியின் பெயரைத் தேடினால் சில நேரம் ஒரு வேட்பாளரின் பக்கம்தான் முதலில் வருகிறது. மேலே சிறிய எழுத்தில் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும். அந்த இடத்துக்கு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சுவர் விளம்பரத்துக்குக் கணக்குக் காட்டுவதுபோல அந்தப் பணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று, அதாவது வெளியிடும் முன்பே பெறும் ஒப்புதல் சான்று, வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. இணையமும் மின்னணு ஊடகம்தான் என்று சொல்லி, 2013 அக்டோபர் 25 அன்று தேர்தல் ஆணையம் அதே விதியைச் சமூக ஊடகங்களுக்கும் இணையதளங்களுக்கும் கொண்டுவந்தது.

இதில் பலரும் குழம்புவது ஒரே இடத்தில்தான். வேட்பாளர் தன் சொந்தப் பக்கத்தில் எழுதும் பதிவுக்கும், போடும் படத்துக்கும், காணொளிக்கும் முன்சான்று தேவையில்லை. அதே காணொளியைக் கூடுதல் பேருக்குக் காட்டும்படி ஃபேஸ்புக்குக்கோ யூடியூபுக்கோ பணம் கட்டினால் அது விளம்பரம் ஆகிவிடுகிறது. முன்சான்று இல்லாமல் வெளியிடக் கூடாது. ஆகவே எந்தத் தளம் என்று பார்க்க வேண்டாம், காசு கைமாறியதா என்று பார்த்தால் போதும். ஆனால் முன்சான்று தேவைப்படாத பதிவும் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டதே. சாதி, மத உணர்வைத் தூண்டும் பேச்சை மேடையில் பேசினாலும் தவறு, சொந்தப் பக்கத்தில் எழுதினாலும் தவறு.

சான்று தருவது ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு. வேட்பாளர்கள் மாவட்டக் குழுவிடமும், மாநிலத்தில் தலைமையகம் உள்ள கட்சிகள் மாநிலக் குழுவிடமும் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் வெளியிடுவதற்கு மூன்று நாள் முன்பும், மற்றவர்கள் ஏழு நாள் முன்பும் கொடுக்க வேண்டும். விளம்பரத்தின் மின்னணுப் பிரதி, அதன் எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, வெளியிட ஆகும் செலவு எல்லாம் விண்ணப்பத்தோடு சேர வேண்டும்.

செலவுக் கணக்கில்தான் பல வேட்பாளர்கள் சறுக்குகிறார்கள். இணைய நிறுவனத்துக்குக் கட்டிய விளம்பரத் தொகையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. காணொளியைத் தயாரித்தவருக்குக் கொடுத்தது, பக்கங்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய குழுவின் சம்பளம் எல்லாம் அதில் சேரும். தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளருக்கான உச்சவரம்பு, 2022 ஜனவரியில் திருத்தியபடி, சட்டமன்றத்துக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைக்கு 95 லட்சம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணமின்றித் தவறினால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கலாம்.

கட்சிக்கு இப்படி ஓர் உச்சவரம்பே கிடையாது. வேட்பாளரின் பெயரோ படமோ இல்லாமல் கட்சியையும் தலைவரையும் பொதுவாகப் புகழும் விளம்பரம் கட்சிக் கணக்கில் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், வேலியைப் போட்டுவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்ததுபோல்தான் இது.

ஆர்வத்தில் தம் கைக்காசைப் போடும் தொண்டர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது தண்டனைக்குரிய குற்றம். வேட்பாளரும் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் தம் சமூக ஊடகக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும். பெயர் தெரியாத ஆதரவுப் பக்கங்கள் அதில் வருவதில்லை என்பது வேறு கதை.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. இணைய நிறுவனங்கள் 2019-இல் தாமாக ஏற்ற நெறிமுறைப்படி, இந்த நேரத்து மீறல்களை ஆணையம் சுட்டிக்காட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் காணொளி தம் கவனத்துக்கு வந்தால் கட்சிகளும் அதே மூன்று மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் சொன்னது.

விதிமீறலைக் கண்டால் புகார் தர தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது. ஆனால் அந்தச் செயலிக்குள் நேரடியாக எடுத்த படத்தைத்தான் அது ஏற்கும். பணப் பட்டுவாடாவைப் பிடிக்க அது பொருத்தம். இணைய விளம்பரத்துக்கு அவ்வளவாக உதவாது. விளம்பரத்தின் இணைப்பையும், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் எழுத்தில் கொடுப்பதே மேல்.

கூகுளும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் அரசியல் விளம்பரங்களுக்குத் தனிப் பொதுத் தொகுப்பு வைத்திருக்கின்றன. யார் பணம் கட்டினார், ஏறத்தாழ எவ்வளவு, எந்த நாட்களில் ஓடியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் முடிந்த பிறகு வேட்பாளர் தாக்கல் செய்த செலவுக் கணக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வையிட எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. தேர்தலை நடத்தும் முறை பற்றிய விதிகள் அதற்கு வைத்திருக்கும் கட்டணம் ஒரு ரூபாய்.