மலையில இருக்கறவங்க லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப் வாங்கலாமா?

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ உட்கார்ந்து ஒருத்தர் சொல்ற கம்ப்யூட்டர் அட்வைஸ் நம்ம நீலகிரிக்கு அப்படியே செட் ஆகாதுங்க. அங்க பிரச்சனை சூடும் தூசியும், இங்க ஈரமும் கரண்டும். அதுபோக ரிப்பேர் ஆனா மிஷின் எந்த ஊருக்குப் போகணும்ங்கற கேள்வி வேற இருக்கு. நான் குன்னூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், கோத்தகிரி, ஊட்டி, சமயத்துல மஞ்சூர் வரைக்கும் வேலைக்கு போவேன். என் டேபிளுக்கு வர்ற மிஷின்ல நெறைய கெட்டுப்போனதே இல்ல, அந்த வீட்டுக்கு அந்த மிஷின் பொருந்தல, அவ்ளோதான் விஷயம்.

கடைக்கு போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இந்த மிஷின் டேபிளை விட்டு நகருமா நகராதா? பொண்ணு கீழ காலேஜ் போகுது ஹாஸ்டல்ல தங்கப் போகுதுன்னா லேப்டாப்தான், பேச்சே இல்ல. ஜெராக்ஸ் கடை, டிடிபி வேலை, பேக்டரியில பச்சத் தேயிலை எடை கணக்கு போடற ஆபீஸ், ஹோம்ஸ்டே ரிசப்ஷன், இதெல்லாம் டெஸ்க்டாப். குழப்பம் வர்றது நடுவுல இருக்கற வீடுகளுக்குத்தான். பசங்க படிப்பு, அப்பாவோட பேங்க் வேலை, அம்மா யூடியூப், எப்பவாவது ஒரு ஆன்லைன் அப்ளிகேஷன். இந்த வீடுகள்ல "லேப்டாப்னா எங்க வேணா தூக்கிட்டு போலாம்ல"ன்னு சொல்லி வாங்கிட்டு, அப்புறம் அது வருஷக்கணக்கா ஒரே டேபிள்ல சார்ஜர் குத்தினபடியே கிடக்கும்.

அப்படி கிடக்கறது லேப்டாப் பேட்டரிக்கு ஆகாது. எந்நேரமும் 100 பர்சென்ட்லயே நிக்கற லித்தியம் பேட்டரி சீக்கிரம் வயசாகும், சிலது உப்பிடும். டச்பேட் லேசா மேல தூக்கிட்டு நிக்குது, மூடி சரியா மூட மாட்டேங்குது, கீழ வெச்சா ஆடுதுன்னா அது பேட்டரி உப்பினதுதான், சார்ஜரை கழட்டிட்டு ஆஃப் பண்ணிட்டு நேரா சர்வீஸுக்கு கொண்டு வாங்க. அமுக்கி உள்ள தள்றது, மேல பாரம் வெக்கறது, ஊசியில குத்தி காத்து எடுக்கறது (நெசமாவே பண்றாங்க!) எல்லாம் தீப்பிடிக்கற வேலை. இப்ப வர்ற பெரும்பாலான லேப்டாப்ல 80 பர்சென்ட்டோட சார்ஜை நிறுத்தற செட்டிங் இருக்கு, லெனோவோல கன்சர்வேஷன் மோட்னு இருக்கும், மத்த கம்பெனில வேற வேற பேர்ல இருக்கும், சிலதுல பயாஸ்க்குள்ள (மிஷின் ஆன் ஆகறப்ப போற செட்டிங் ஸ்கிரீன்) இருக்கும். டேபிள்லயே வெச்சு ஓட்டறவங்க வாங்கின அன்னிக்கே அதை ஆன் பண்ணிடுங்க.

இப்ப ஈரத்துக்கு வருவோம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் சுவரே காயாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை, அதுபோக மத்த மாசத்துலயும் மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்து உட்காரும். இந்த ஈரம் ரேம் காலுல (மெமரி கார்டுல ஸ்லாட்டுக்குள்ள சொருகற முனை) ஏறும், ஸ்லாட்டுல ஏறும், மதர்போர்டுல பச்சையா பூக்கும், எஸ்எம்பிஎஸ் (மிஷினுக்கு கரண்ட் குடுக்கற பெட்டி) உள்ள தூசியோட சேர்ந்து பிசுபிசுன்னு படியும், அந்த நிலையில திடீர்னு ஸ்விட்ச் போட்டா டப்புனு ஒரு சத்தம், முடிஞ்சது. "நல்லாதான் சார் இருந்துச்சு, பரிச்சை முடிஞ்சு ரெண்டு மாசமா யாரும் தொடல"ன்னு சொல்வாங்க. தொடாததுதான் காரணம். ஓடற மிஷின் தன்னோட சூட்டுலயே தன்னை காய வெச்சுக்கும், ஓடாத மிஷின் ஊறும். மழைக்காலத்துல வேலை இல்லைன்னாலும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா அரை மணி நேரம் ஓட விடுங்க.

இந்த விஷயத்துல டெஸ்க்டாப்புக்கு ஒரு வசதி உண்டு. ரேம் கான்டாக்ட்ல ஈரம் ஏறி பீப் பீப்னு கத்திட்டு டிஸ்ப்ளே வரலேன்னா, பிளக்கை கழட்டி, பக்கத்து மூடியை திறந்து, ரேமை எடுத்து பென்சில் ரப்பரால காலை துடைச்சு, பிசிறை ஊதிட்டு திரும்ப மாட்டினா பல நேரம் உயிர் வந்துரும். அதே பழுது லேப்டாப்ல வந்தா, இப்ப வர்ற மெலிசு மாடல் நெறையத்துல ரேமே போர்டோட சால்டர் பண்ணி ஒட்டி வருது, துடைக்க ஒண்ணும் இல்ல. ஆனா லேப்டாப்பை மூடி பெட்டியில வெக்கலாம், நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு காத்து புகாத டப்பாவுல வெச்சா ஈரம் அண்டாது. கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு இது தெரியும், லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சு பாடம் படிச்சிருப்பாங்க.

டெஸ்க்டாப் வாங்கறவங்க அதை எங்க வெக்கறதுன்னு யோசிங்க. வெளிச்சுவரை ஒட்டி வெக்காதீங்க, மலை வீட்டுல வெளிச்சுவர்தான் முதல்ல வேர்க்கும். தரையில வெக்காதீங்க. சூடா இருக்கற கேபினட் (சிபியு டப்பா) பின்னாடி எலி வந்து குடியிருக்கும், இங்க குளிருக்கு எலிக்கும் அதான் ஹீட்டர், ஒயரை கடிச்சுட்டு போயிடும். அப்புறம் அந்த பூப்போட்ட பிளாஸ்டிக் கவர்! தூசிக்குன்னு கவர் போட்டு மூடி வெக்கறது கீழ்நாட்டு பழக்கம், இங்க அது ஈரத்தை உள்ள பூட்டி வெக்கறதுதான். துணி போதும்.

ஈரத்துல இன்னொரு வகை இருக்கு, அது லேப்டாப்காரங்களுக்கு. மார்கழி தை மாசத்துல தலைகுந்தா பக்கம் உறைபனி விழற நேரம், பைக்ல பையில மாட்டி லேப்டாப்பை கொண்டு வந்திருப்பீங்க, அது சில்லுனு இருக்கும், வீட்டுக்குள்ள அடுப்பு எரியுது இல்ல ஹீட்டர் ஓடுது, உள்ள கொண்டு வந்ததும் கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி மிஷின் உள்ளயும் வெளியவும் தண்ணி கோத்துக்கும். அந்த நிமிஷமே ஆன் பண்ணாதீங்க, பையிலயே வெச்சு ரூம் சூட்டுக்கு வர விடுங்க, அரை மணி, ஒரு மணி நேரம் ஆகட்டும். அதே மாதிரி உறைபனி குளிர்ல கிடந்த பேட்டரியை உடனே சார்ஜ் போடறதும் கூடாது, ஜீரோ டிகிரிக்கு கீழ லித்தியம் பேட்டரியை சார்ஜ் பண்ணா உள்ள நிரந்தரமா சேதம் ஆகும். குளிர்ல சார்ஜ் சீக்கிரம் இறங்கற மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, சூடானா சரியாகும்.

ஊட்டி குளிருக்கு லேப்டாப் சூடே ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பாதி நிஜம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குதான், காத்து மெலிசா இருந்தா ஃபேன் தள்ற சூடும் கொஞ்சம் கம்மியாகும், ஆனா காத்தே குளிரா இருக்கறதால அது ஈடாயிடும். இங்க லேப்டாப்பை சூடாக்கி கொல்றது கம்பளி. பெட்ல கம்பளி மேல வெச்சு படம் பாக்கறோம், காத்து போற ஓட்டை எல்லாம் அடைச்சுக்குது, கம்பளி நார் ஃபேன்ல போய் சுத்திக்குது. அடியில ஒரு பலகை, பரிச்சை அட்டை, ஏதாவது வெச்சுக்கோங்க.

கரண்டு. பைக்காரா பவர்ஹவுஸ் 1932லயே ஓட ஆரம்பிச்சது, குந்தா பக்கம் அணைக்கு அணை கரண்ட் எடுக்கறாங்க, ஆனா ஒரு சீகை (வாட்டில்) மரமோ கற்பூர (யூகலிப்டஸ்) மரமோ லைன் மேல சாஞ்சா நம்ம ஹட்டி, அதாவது ஊர் பூரா இருட்டு. லைன்மேன்களை குத்தம் சொல்லல, அந்த மழையில அந்த சரிவுல ஏறி வேலை பாக்கறது லேசு இல்ல. ஆனா வாங்கற நாம அதை கணக்குல எடுக்கணும்ல. இந்த இடத்துல லேப்டாப்தான் ஜெயிக்கும். டெஸ்க்டாப்புக்கு கடையில கூட குடுக்கற 600 விஏ யூபிஎஸ்ல 12 வோல்ட் 7 ஆம்பியர்ஹவர் பேட்டரி ஒண்ணு இருக்கும், அதுல மானிட்டரோட சேர்த்து 100 வாட் இழுத்தா கால் மணி நேரம் நிக்கும், கொஞ்சம் கூட குறைய. அது வேலை பாக்கறதுக்கு இல்ல, சேவ் பண்ணிட்டு ஒழுங்கா ஷட்டவுன் பண்றதுக்கு. ரெண்டு மூணு வருஷத்துல அந்த பேட்டரியும் போயிடும், யூபிஎஸ் சும்மா பச்சை லைட் காட்டிட்டு நிக்கும், கரண்ட் போகும்போதுதான் அது செத்து கிடந்ததே தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பிளக்கை நீங்களே புடுங்கி டெஸ்ட் பண்ணுங்க. வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா நல்லது, டெஸ்க்டாப் பல மணி நேரம் ஓடும், ஆனா பல இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும் பாருங்க, அதை போடலேன்னா கரண்ட் மாறற நேரத்துல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

இடி மின்னலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சித்திரை வைகாசி கோடை மழையிலயும் ஐப்பசியிலயும் மின்னல் இறங்கும்போது ஸ்விட்ச் ஆஃப் பண்ணா பத்தாது, பிளக்கை புடுங்கணும், லான் ஒயரையும் (ரவுட்டர்ல இருந்து வர்ற இன்டர்நெட் ஒயர்) கழட்டணும். லான் போர்ட் வழியா வந்து மதர்போர்டு போன கேஸ் நெறைய பார்த்திருக்கேன். ஃபைபர் கண்ணாடி இழை கரண்டை கடத்தாது, ஆனா ரவுட்டரோட அடாப்டர் சுவத்துலதான குத்தியிருக்கு! எஸ்டேட் லைன் வீடுகள்ல (தொழிலாளர்களோட வரிசை வீடு) பழைய ஒயரிங்ல எர்த்தே இருக்காது சில இடத்துல. கேபினட்டை தொட்டா சுர்ருங்குதா, எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு எர்த்தை பாருங்க, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் வாங்கலாம்.

பில் கணக்கு ரொம்ப பேர் கேக்கறாங்க. டெஸ்க்டாப் மானிட்டரோட 100 வாட்னு வெச்சா, தினம் 8 மணி நேரம் ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 48 யூனிட். லேப்டாப் 30 வாட்னா 14 யூனிட் சொச்சம். நமக்கு ரெண்டு மாசத்துக்கு குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் ஃப்ரீ, அதனால சின்ன வீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியும், கீசர் ஓடற வீட்டுக்கு தெரியவே தெரியாது.

சரி, நான் என்ன சொல்வேன்னா, நடுவுல இருக்கற அந்த வீடுகளுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சுமாரான விலையில ஒரு லேப்டாப் எடுத்து, அதோட ஒரு 22 இன்ச் மானிட்டர், தனி கீபோர்டு, மவுஸ் போட்டுக்கறது. குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போகாது, கரண்ட் போனாலும் லேப்டாப் ஸ்கிரீன்ல வேலை நடக்கும். தனி கீபோர்டு சொல்றதுக்கு இன்னொரு காரணம் டீ. நாம ராத்திரி பகலா டீ குடிக்கற ஜனம், பாலும் சர்க்கரையும் போட்ட டீ லேப்டாப் கீபோர்டுல கொட்டினா நேரா மதர்போர்டுக்கு இறங்கும், தண்ணியை விட அது மோசம், சர்க்கரை ஒட்டிக்கும். கொட்டிட்டா சார்ஜரை புடுங்கி, பவர் பட்டனை அமுக்கி பிடிச்சு ஆஃப் பண்ணி, கவுத்து வெச்சு கொண்டு வாங்க, காஞ்சிடுச்சான்னு ஆன் பண்ணி பாக்காதீங்க, அரிசி மூட்டையில போடாதீங்க. தனி கீபோர்டுல கொட்டினா சில நூறு ரூபாயோட போச்சு.

இன்னொரு வழி மினி பிசி. டப்பா டிபன் பாக்ஸ் சைஸ்தான், உள்ள இருக்கறது லேப்டாப் ப்ராசஸர், சாதாரண வேலைக்கு 20, 30 வாட்டோட நின்னுக்கும், அதே சின்ன யூபிஎஸ்ல டெஸ்க்டாப்பை விட ரொம்ப நேரம் தாங்கும், பெரும்பாலான மாடல்ல ரேமும் எஸ்எஸ்டியும் (சுத்தற தட்டு இல்லாம சிப்புல சேமிக்கற டிஸ்க்) கழட்டி மாட்டலாம். டேபிளை விட்டு நகராத வீட்டுக்கு எனக்கு இதான் பிடிக்கும். மானிட்டருக்குள்ளயே எல்லாம் இருக்கற ஆல்-இன்-ஒன் மட்டும் வேண்டாம்ங்க. பாக்க அழகு, ஆனா தூக்கிட்டும் போக முடியாது, பேட்டரியும் கிடையாது, டிஸ்ப்ளே போனா மொத்தமா படுத்துக்கும்.

எதை வாங்கினாலும் எஸ்எஸ்டி இருக்கணும், ரேம் 8 ஜிபிக்கு கம்மி வேண்டாம். 36 ஹேர்பின் பெண்ட் இருக்கற கல்லட்டி ரோட்டுல குலுங்கிட்டு வர்ற லேப்டாப்ல பழைய ஹார்ட்டிஸ்க் இருந்தா அது எப்ப வேணா போகும். செகண்ட்ஸ் வாங்கறவங்க ப்ராசஸர் எந்த ஜெனரேஷன்னு பாருங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11க்கு இன்டெல்னா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் பெரும்பாலும் எடுக்கும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். அதனாலதான் 6வது 7வது ஜெனரேஷன் ஐ5 மிஷின் எல்லாம் திடீர்னு சல்லிசா வருது, "ஐ5 சார், சூப்பர் ஸ்பீட்"னு சொல்லி குடுத்துடுவாங்க. லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிஞ்சா அது நல்ல சரக்குதான், இல்லேன்னா விட்டுடுங்க.

கடைசியா வாரண்டி. லேப்டாப்ல போர்டு போனா எங்க கடைகள்ல ஓரளவுதான் பாக்க முடியும், கம்பெனி சர்வீஸ்னா அநேகமா கோயம்புத்தூர், குன்னூர்ல இருந்து போய் வந்தா ஒரு நாள் போச்சு, பார்ட்ஸ் வரலேன்னா திரும்ப ஒரு நாள். டெஸ்க்டாப்ல எஸ்எம்பிஎஸ் போனா சாயங்காலத்துக்குள்ள மாத்திடலாம். அதனால லேப்டாப் எடுக்கறவங்க ஆன்-சைட் வாரண்டி (ஆள் வீட்டுக்கே வந்து பாக்கறது) இருக்கற மாடலா கேளுங்க, கேட்டுட்டு அதோட நிறுத்தாதீங்க, கம்பெனி டோல்ஃப்ரீ நம்பருக்கு போன் போட்டு 643ல ஆரம்பிக்கிற உங்க பின்கோடை சொல்லி "இந்த ஊருக்கு ஆள் வருவாங்களா"ன்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. பாக்ஸ்ல ஆன்-சைட்னு அச்சடிச்சிருக்கும், பின்கோடை சொன்னதும் "சார் உங்க ஏரியாவுக்கு கேரி-இன் மட்டும்தான்"னு சொல்றதும் நடக்குது, அதாவது மிஷினை நீங்கதான் சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டு போகணும்.