முறிகண்டி தாண்டும்போது உலையை வையுங்கள்

என் கிளினிக்குக்கு வருகிற ஆட்களைப் பார்த்தே எந்த நாட்டில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். முதலில் கனடா, பிறகு சுவிஸ், கடைசியாக லண்டன். வந்திறங்கிய அன்றிரவு, இல்லாவிட்டால் அடுத்த ஓரிரு நாளில் வருவார்கள். பிள்ளைக்குச் சத்தி, தகப்பனுக்கு வயிற்றோட்டம், தாய் கையில் துவாயும் சின்ன வாளியும். பின்னால் நிற்கிற அம்மம்மா நான் எதுவும் கேட்கும் முன்னமே, "டொக்டர், நான் ஒண்டும் பிழையாச் சமைக்கேல்ல" என்பார்.

ஊருக்கு வந்த பிள்ளைகளுக்கு முதல்நாள் பிஸ்கட்டும் போத்தல் தண்ணீரும் கொடுத்துக் கதிரையில் இருத்தி வையுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இது வெளிநாடு. ஒரு நாட்டை முதலில் நாக்கால் அறிகிறதில் என்ன பிழை? பிழை வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் எல்லோரும் சந்தேகப்படுகிற தெருக்கடையில் இல்லை.

போன வருடம் கிளிநொச்சியை அடுத்த பரந்தன் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ரொரன்ரோவில் இருந்து மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். விடியக் கட்டுநாயக்காவில் இறங்கி மத்தியானத்துக்குள் வீட்டில் நிற்க வேண்டியவர்கள், ஒரு பெட்டி வந்து சேராமல் அங்கேயே இழுபட்டு, வழியில் வவுனியாவில் கொத்து ரொட்டியும் சாப்பிட்டு, வீடு வரும்போது பின்னேரம் நாலு மணி. வீட்டிலோ காலை எட்டுக்கே சமையல் முடிந்துவிட்டது. கிடாரத்தில் மஞ்சள் சோறு, ஆறக்கூடாது என்று மூடிமேல் துணி, துணிமேல் இன்னொரு மூடி. கறிகளைத் திரும்பக் கொதிக்க வைத்தார்கள். சோற்றை அப்படியே பரிமாறினார்கள். ஏழு மணிக்கு முதல் சத்தி. ஒன்பதுக்குள் ஆறு பேர்.

எல்லோருடைய விரலும் வவுனியாக் கொத்தைத்தான் காட்டியது. நான் கேட்டது ஒரே கேள்வி: வாகனத்துக்குள் நித்திரை கொண்டு கொத்தே சாப்பிடாத ஆள் யாரும் உண்டா? உண்டு, கடைக்குட்டி. முதலில் சத்தி எடுத்ததும் அவள்தான். கொத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, வீட்டுச் சோற்றில் கை வைக்காமல் திரும்பிப்போன வான் சாரதிக்கு ஒன்றுமே இல்லை. ஆய்வுகூடத்துக்கு எதையும் அனுப்பவில்லைதான், ஆனால் சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்தில் கூட்டமாகச் சத்தி என்றால், அதுவும் நாள் முழுக்கக் கிடந்த சோறு என்றால், எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி.

இது அரிசியிலேயே வித்தாக இருக்கும், சோறு வேகும்போதும் அந்த வித்துச் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது என்பதுதான் பலருக்குத் தெரியாத விசயம். மணமும் மாறாது, ருசியும் மாறாது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் சமைத்த சாப்பாடு 2 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெக்கை 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம்தான். ஆடி மாதத்து வன்னிக் குசினிக்குள் எந்தக் கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்போடு மூடி வைத்த அந்தத் துணிதான் கிருமிக்குப் போர்வை. கிடாரத்தோடு பிரிட்ஜுக்குள் தள்ளுவதும் உதவாது, நடுச்சோறு நெடுநேரம் சூடாகவே இருக்கும். வைக்கத்தான் வேண்டும் என்றால் அகலத் தட்டுகளில் பரப்பிக் கெதியாக ஆறவிட்டு வையுங்கள்.

இதற்கு நடுவில் தகப்பன்மார் ஒரு கதை சொல்வார்கள், "நான் இந்தக் கிணத்துத் தண்ணியில வளந்தவன் டொக்டர், எனக்கு ஒண்டும் செய்யாது." வளர்ந்தது உண்மை. ஆனால் வயிற்றோட்டக் கிருமிகளுக்கு எதிராகச் சின்ன வயதில் உடம்பு சேர்த்த எதிர்ப்பு, சில வருடங்கள் வெளியே இருந்தாலே தேய்ந்துவிடும். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ மட்டும் விதிவிலக்கு, ஒருமுறை வந்துபோனால் ஆயுளுக்கும் காப்பு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: தகப்பனுக்கு அந்தக் காப்பு இருக்கும், அங்கே பிறந்த பிள்ளைக்கு இருக்காது. மேற்கு நாடுகளில் கண்டுபிடிக்கப்படும் தைபோயிட்டில் பெரும்பங்கு சுற்றுலாப் பயணிகளுக்கு அல்ல, தெற்காசியாவில் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். நாங்கள் போவது எங்கள் வீட்டுக்குத்தானே என்று ஊசி போடாமல் வருகிறார்கள். தைபோயிட் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 2 கிழமைக்கு முன்னராவது போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, வயிற்றுக்கும் ஒரு மணிக்கூடு உண்டு. கோடையில் ரொரன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். பரந்தனில் பின்னேரம் நாலு மணிக்கு நண்டுக் கறி பரிமாறும்போது பிள்ளையின் வயிற்றுக்கு விடியக்காலை ஆறரை. அந்த நேரம் அது நண்டை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காது. "பிள்ளை ஒண்டும் சாப்பிடுதில்ல" என்று மாமிமார் சுற்றிநின்று ஊட்டுவதை முதல்நாள் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

சரி, அப்படியென்றால் என்ன கொடுப்பது? கண்முன்னே நெருப்பில் இருந்து இறங்குகிற எதையும் கொடுக்கலாம். குழலில் இருந்து தள்ளி ஆவி பறக்கிற புட்டு, கல்லில் இருந்து நேரே தட்டுக்கு வருகிற தோசை, இலையில் ஊற்றினால் ஊதி ஊதிக் குடிக்க வேண்டிய ஒடியற்கூழ். கூழைவிட நல்ல முதல்நாள் சாப்பாடு எனக்குத் தெரியாது, கொதிக்கக் கொதிக்கத்தான் ருசி என்பதால் யாரும் ஆறவைத்துக் கொடுக்கமாட்டார்கள். இரணைமடுவில் காலையில் பிடித்த விராலைப் பொரித்து உடனே கொடுங்கள். முன்னால் வெட்டித் தரும் இளநீர், வீட்டில் உரித்த வாழைப்பழம். பாலைப்பழக் காலம் என்றால் அதையும் விடாதீர்கள், கொதித்தாறிய தண்ணீரில் கழுவிவிட்டு, பால் உதட்டில் ஒட்டிப் பிள்ளை முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். நான் பயப்படுகிறது சம்பலுக்கு. பச்சைத் தேங்காய், பச்சைத் தண்ணீர், கை மூன்றும் சேர்ந்து செய்கிற சாமான் அது. அரைத்த உடன் என்றால் சரி, காலைச் சம்பல் பின்னேரத்துக்கு வேண்டாம். சொதியும் அப்படித்தான். ஐஸ் போட்ட சர்பத்தும் பொறுக்கட்டும், குளிரில் கிருமி உறங்குமே தவிரச் சாகாது.

ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் வீட்டுக்கு வரும் முன்னமே கவனம் தொடங்க வேண்டும். முறிகண்டியில் வானை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் (வேர்க்கடலை) வாங்காமல் ஏ9 வீதியில் யார் போகிறார்கள்? கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தச் சுருளே ஆபத்து, கடும் ஒவ்வாமைக்கு உடனே போடுகிற எப்பிநெப்ரின் ஊசி பெட்டிக்குள் அல்ல, தாயின் கைப்பையில் இருக்க வேண்டும். எள்ளுருண்டையையும் கஜு போட்ட பலகாரத்தையும் நீட்டப்போகிற சொந்தக்காரருக்கு, "பிடிக்காது" என்று நாகரிகமாகச் சொல்லாமல், "தின்றால் மூச்சு அடைக்கும்" என்றே சொல்லுங்கள். இதற்கு மாறாக, ஒவ்வாமையே இல்லாதவருக்குச் சூரை மீன் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து தோல் அரித்தால், அது பெரும்பாலும் ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் உண்டான, ஒவ்வாமை போலவே காட்டுகிற ஹிஸ்டமின் என்ற பொருள். அதுவும் சமைத்தால் போகாது.

அப்படியும் வயிறு குழம்பிவிட்டால் ஜீவனி, அதாவது பைக்கற்றில் வருகிற உப்புச் சீனிக் கரைசல் தூள். ஒரு பைக்கற்றை முழுதாக 1 லீற்றர் கொதித்தாறிய நீரில், பாதி பாதியாக அல்ல. கைவசம் இல்லையென்றால் 1 லீற்றருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாக. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, ஜீவனியின் இடத்தை அது பிடிக்காது. வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த வயிற்றோட்டம் நிறுத்தும் குளிசையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஆறு எட்டு மணித்தியாலமாக மூத்திரம் இல்லை, பிள்ளை சோர்ந்து கண்திறக்காமல் கிடக்கிறது என்றால் ஜீவனியோடு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ். சலரோகம், பிரசர் இருக்கிற பெரியவர்கள் வயிற்றோட்டத்தின்போது சில குளிசைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும், அதை வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள், இன்சுலினைத் தாங்களாக விடவே கூடாது.

பரந்தன் குடும்பம் இந்த வருடமும் வந்தது. மகன் முறிகண்டியில் நின்று கோல் எடுத்த பிறகுதான் அப்பம்மா உலை வைத்தாராம், அங்கிருந்து வீட்டுக்கு எப்படியும் அரை மணித்தியாலம். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன். "மூண்டு கறிகூட இல்லாம என்ர பேரப்பிள்ளையள வாங்கோ எண்டு கூப்பிட்டனான் டொக்டர், எல்லாம் உங்களாலதான்" என்று பிரசர் பார்க்க வந்த இடத்தில் என்னிடம் சண்டை. நண்டு மூன்றாம் நாள் வைத்திருக்கிறார். எனக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டிருந்தார். மூடியைத் திறக்கும் முன் சட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது.