பாட்டுல கத்தி எதுக்கு, தம்பி?

வியாசர்பாடியில் மாடி ஷெட் ஒன்றில் பத்து வருஷமாகச் சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். கானா எடுப்பேன், சர்ச் பாட்டு எடுப்பேன். இப்போது வருவதில் பாதிக்கு மேல் ராப் பாடும் பையன்கள். சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை அட்டையைப் பார்த்து "செம்ம செட்டப்ணா" என்பார்கள். (முட்டை அட்டை வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. ரயில் போனால் டேக்கை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் பதிவை, நிறுத்தத்தான் வேண்டும்.)

பெரும்பாலும் ஒரே மாதிரி வரிகளோடுதான் வருவார்கள். பட்டாக்கத்தி, துப்பாக்கி, "இது நம்ம ஏரியா", கடைசியில் ஒரு லம்போர்கினி. கேட்டால் "ரியலா இருக்கணும்ணா". வட சென்னை என்றாலே ரத்தம் என்று சினிமா காட்டியதை நம் பிள்ளைகளே நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

ராப் பிறந்த இடத்தில் கத்தி இல்லை, தம்பி. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும் என்று ஒரு பெண் டிக்கெட் போட்டு பார்ட்டி வைத்தாள். அதில் இசைத்தட்டு சுழற்றிய அவள் அண்ணன்தான் டிஜே கூல் ஹெர்க். ராப்பின் தொடக்கம் என்று அந்தப் பார்ட்டியைத்தான் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் யூனிஃபார்முக்கு அல்லாடும் நம் வீடுகளுக்கு இது புரியாத கதையா?

சரி, இரவல் வரியை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறேன்? மூச்சில். சொந்த வரி என்றால், பேசும்போது எங்கே நிறுத்துவானோ அங்கேயே மூச்சு விழும். யாரையோ பார்த்து எழுதியதில் சொல்லின் நடுவிலேயே மூச்சு உடையும், நான் ஐந்தாறு முறை பஞ்ச் போட்டு, அதாவது அந்தத் துண்டை மட்டும் திரும்பப் பதிந்து, ஒட்ட வேண்டியிருக்கும். 1979-இல் பெரிய ஹிட்டான முதல் ராப் பாட்டு 'ராப்பர்ஸ் டிலைட்'. அதைப் பாடியவர்களில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க் பாடியது, கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இன்னொரு ராப்பர் எழுதிய வரிகள். காஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருந்ததைக்கூட மாற்றாமல் ஹேங்க் அப்படியே பாடிவிட்டார். இரவல் சட்டையில் அடுத்தவன் பேர் எங்காவது தைத்திருக்கும்.

போன வருஷம் காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். நாலு டேக் போயும் பாட்டு சரியாக அமையவில்லை. மைக்கை ஆஃப் செய்துவிட்டு டீ சொன்னேன். "அப்பா எங்கடா?" என்றேன். "தடைக்காலம்ணா, வீட்லதான்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்புறம் அவனே பேச ஆரம்பித்தான். மீன் வாங்கி விற்கும் அம்மாவுக்கும் அந்த நாட்களில் வியாபாரம் இல்லை. காலியாகக் கிடக்கும் ஐஸ் பெட்டியில் ரேஷன் அரிசியைக் கொட்டி மூடி வைப்பாராம், எலி வராது என்று. சோற்றில் லேசாக மீன் வாசனை அடிக்குமாம். "இதை எழுதுடா" என்றேன். "இதுல என்னாணா கெத்து இருக்கு?" என்றான்.

அரக்கோணத்துக்காரர், ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்க்கையிலிருந்து எடுத்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை 2021-இல் தேயிலைச் செடியையே பார்க்காதவர்களும் பாடினார்கள். யார் வீட்டுக்கும் பொருந்தட்டும் என்று பொதுவாக எழுதினால் ஒரு வீட்டிலும் ஒட்டாது.

கத்தி விஷயத்துக்கு வருகிறேன். பாட்டில் வருவது வேறு, வீடியோவில் கையில் பிடிப்பது வேறு. பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டுப் போலீஸில் மாட்டிய செய்திகள் நீங்களும் படித்திருப்பீர்கள். என்னிடம் பாடிய ஒருவனுக்கு இன்டர்வியூ முடிந்து வேலை கிட்டத்தட்ட உறுதியான நிலையில், அவன் பழைய வீடியோவை யாரோ எடுத்துக் காட்ட, வேலை கைவிட்டுப் போனது. அது தகர அட்டைக் கத்தி. அந்தப் பாட்டில் கெத்துக்காக போலீஸ் சைரன் சேர்த்தது நான்தான், அவன் கேட்கவே இல்லை.

இன்னொன்று, யூடியூபில் 'ஃப்ரீ' என்று போட்டிருக்கும் பீட் (ராப்புக்கான பின்னணி இசை) பெரும்பாலும் காசு பார்க்காத பாட்டுக்குத்தான் ஃப்ரீ. கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

காசிமேட்டுப் பையன் இரண்டு வாரம் கழித்து அரிசி வரிகளோடு வந்தான். ஒரே டேக்கில் ஓகே. ஆனால் ரிலீஸ் பண்ண விடவில்லை. வீட்டு விஷயம், அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் போன் செய்தான். "பெட்டிய நல்லா கழுவிட்டுத்தான் அரிசி போட்டேன், அதையும் சேத்து சொல்லு" என்றாராம் அம்மா. எப்படிப் போட்டாலும் தாளத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் பின்னணிக் குரலாக ஒரு மூலையில் வைத்தோம்: "கழுவிட்டுத்தான்!"