பள்ளிக்கூடத்து இடம் யார் பேரில் இருக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறேன். 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டு மனை, முந்திரித் தோப்பு, பலாத் தோப்பு என்று எத்தனையோ கைமாறிப் பார்த்தாயிற்று. பள்ளிக்கூட இடத்துக்காக யாராவது வந்தால் மட்டும், அநேகமாகக் காரியம் முற்றிய பிறகுதான் வருவார்கள்.

பண்ருட்டிப் பக்கத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒருவர் அப்படித்தான் வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த பழைய முத்திரைத்தாள். மடிப்பு பிய்ந்த இடத்தில் ஒட்டிய டேப் பழுத்துப் போயிருந்தது. ‘40 சென்ட் இடத்தை நம்மூர்ப் பிள்ளைகள் படிக்க மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தேன்’ என்று ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுத்தது. கீழே இரண்டு சாட்சிகள். பின்பக்கம் திருப்பினேன். சார்பதிவாளர் முத்திரையும் இல்லை, ஆவண எண்ணும் இல்லை.

"இது போதும்தானே சார்?"

போதாது. அசையாச் சொத்தைத் தானம் கொடுத்தால், கொடுப்பவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 123-ஆம் பிரிவு சொல்வது அது. இடத்தின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இதுதான்.

இடத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று வில்லங்கம் போட்டோம், பட்டாவையும் எடுத்துப் பார்த்தோம். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தில் பட்டா பெரியவரின் மகன் பேரில் ஏறியிருந்தது. பேரன் பின்பக்கத்து 11 சென்ட்டை விற்றே விட்டார். வாங்கியவர் கையில் பதிவான கிரயப் பத்திரம். பள்ளியின் கையில் டேப் ஒட்டிய தாள். "பிள்ளைங்க அங்கதான் சார் கபடி ஆடும்" என்றார் டீச்சர். பேரனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்தது பட்டாவை. அதில் இருந்தது அவருடைய அப்பா பேர்.

இத்தனை வருஷம் பள்ளி நடக்கிறதே, அனுபவ பாத்தியதை கேட்க முடியாதா என்பார்கள். ‘எங்கள் தாத்தா அனுமதித்ததால்தான் இருந்தீர்கள்’ என்று எதிர்த்தரப்பு நின்றால் அந்த வாதம் லேசில் தேறாது.

மிச்சம் 29 சென்ட்டுக்குப் புதிதாகப் பத்திரம் வாங்க வாரிசுகளைத் தேடினோம். பெரியவர் உயிரோடு இருந்தபோதே பதிந்திருந்தால் ஒரு கையெழுத்து. இப்போது ஒன்பது. மகள் வழிப் பேத்திகளையும் விட முடியாது, அவர்களுக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் இருந்த ஒருவர் ஊருக்கு வரும்வரை மாசக்கணக்கில் காத்திருந்தோம்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன நிலைமை என்று பார்க்கப் பெரிய செலவில்லை. புல எண் (சர்வே நம்பர்) தெரிந்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் சொல்லும் கிராமக் கணக்கு), பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் பார்க்கலாம். நிலம் அரசுப் புறம்போக்கா, தனியார் பட்டாவா என்பதை முதலில் பாருங்கள். அளவு ஹெக்டேரில் இருக்கும். 40 சென்ட் என்றால் சுமார் 0.16 ஹெக்டேர் வர வேண்டும். அப்புறம் புலப்படத்தோடு இடத்தில் நடந்து எல்லைக் கல்லைத் தேடுங்கள். சுற்றுச்சுவர் கட்டும்போது ‘பக்கத்து வீட்டுக்காரர் வருத்தப்படுவார்’ என்று நாலடி உள்ளே தள்ளிக் கட்டிய பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் பழைய இடமென்றால் நொத்தேர் (பிரெஞ்சு முறைப் பத்திர அதிகாரி) எழுதிய பிரெஞ்சுப் பத்திரம்கூட கிடைக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்று பரணில் போட்டுவிடாதீர்கள்.

புதிதாகக் கொடுப்பவர்கள் மதுரை கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மாளைப் போலச் செய்யலாம். பள்ளியைத் தரம் உயர்த்த 1 ஏக்கர் 52 சென்ட்டை 2024 ஜனவரியில் தானப் பத்திரமாகவே பதிந்து கொடுத்தார். பத்திரத்தை அன்றைய தலைமை ஆசிரியரின் சொந்தப் பேரில் எழுதாதீர்கள்; எந்தத் துறை, எந்தப் பதவி என்று கேட்டு அதன் பேரில் எழுத வேண்டும். பதிந்த கையோடு பட்டா மாறுதலுக்கும் மனுப் போட வேண்டும். பலர் சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே இனிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

29 சென்ட் பத்திரம் கைக்கு வந்த அன்று டீச்சர் கேட்டார்: "லேமினேட் பண்ணி ஆபீஸ் ரூம்ல மாட்டிடவா சார்?"

"நகலை மாட்டுங்க டீச்சர். அசலை அப்படியே ஒன்றிய அலுவலகத்தில் ஒப்படைச்சு, மறக்காம ஒப்புகை வாங்குங்க" என்றேன்.