பழைய காரின் டிஃபரன்ஷியலில் என்ன ஆயில் ஊற்றுவது?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "கியர் ஆயில் 90 கொடுங்க" என்று கேட்டு வாங்கி, அதே டப்பாவைக் கியர்பாக்ஸிலும் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலிலும் (இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்பப் பரவலாக இருக்கிறது. அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் வேலை. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: 90 என்ற எண் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. ஆனால் பழைய வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தக் கலவைதான்.

மேலே சொன்ன மூன்று கார்களிலும் டிஃபரன்ஷியலில் இருப்பது ஹைப்பாய்ட் வகை கிரௌன், பினியன்; அதாவது ஒரு பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமும். பினியனின் அச்சு, கிரௌன் வீலின் நடுவுக்கு நேராக வராமல் சற்றுக் கீழே தள்ளி இருக்கும். 1926-ல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் இதைத் தன் கார்களில் கொண்டுவந்தது. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கீழே இறங்கியதால் காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் இந்த அமைப்பில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு, நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயிலின் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்போடு இரும்பு நேராக உரசிச் சூடேறி, ஒட்டிப் பிய்ந்து, பல்லின் முகத்தில் நீளநீளக் கீறல் விழும். அதைத் தடுக்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஈ.பி. (எக்ஸ்ட்ரீம் பிரஷர், அதாவது கடும் அழுத்தம் தாங்கும்) ரசாயனத்தை ஆயிலில் கலக்கிறார்கள். சூடேறும் இடத்தில் அது பல்லின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. தேய்வது அந்தப் பூச்சுதான், பல் தப்பித்துக்கொள்ளும்.

இந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் டப்பாவில் உள்ள ஜி.எல்.-4, ஜி.எல்.-5 குறியீடுகள் காட்டுகின்றன. ஐந்தில் இருப்பது நான்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஐந்தையே ஊற்றிவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் கியர்பாக்ஸ் அடிவாங்குகிறது. கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துபவை சிங்க்ரோ வளையங்கள். பழைய கியர்பாக்ஸில் அவை பித்தளையால் ஆனவை. வளையத்தின் உள்பக்கம் நூல் கனத்தில் கோடுகள் வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடுகள் ஆயிலை அறுத்து, கியரின் கூம்பைப் பிடிக்க வேண்டும். ஜி.எல்.-5 ஊற்றினால் பிடிமானம் குறைந்து, கியர் மாற்றும்போது 'கர்ர்' என்று சத்தம் வரலாம். அதிலுள்ள கந்தகம் நாளடைவில் பித்தளையையும் அரிக்கும். கறுத்துப்போய், கோடுகள் மழுங்கிய வளையங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் வயிறு எரியும். நல்ல மாற்று வளையம் தேடி அலைய வேண்டுமே! இப்போது வரும் சில ஆயில்கள் பித்தளையை அவ்வளவாகத் தாக்குவதில்லைதான். இருந்தாலும் கியர்பாக்ஸுக்கு கார் மேனுவல் என்ன சொல்கிறதோ, அதுதான் சரி. எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில், டிஃபரன்ஷியல் இருக்கும் பின் ஆக்ஸிலுக்கு ஹைப்பாய்ட் 90.

இன்ஜின் ஆயில் நீர்த்துப்போய் இருக்குமே என்று பயப்பட வேண்டாம். கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு வேறு. கியர் ஆயிலின் 90, சூட்டில் ஏறக்குறைய இன்ஜின் ஆயிலின் 40, 50 அளவு கெட்டிதான்.

பழைய மேனுவல்களில் ஜி.எல். எண் இருக்காது, 'ஹைப்பாய்ட் 90' அல்லது 'ஈ.பி. 90' என்றுதான் இருக்கும். டிஃபரன்ஷியலுக்கு அப்படிப் போட்டிருந்தால் இன்று 80டபிள்யூ-90, ஜி.எல்.-5, மினரல் ஆயில் வாங்குங்கள். பழைய சீல்களில் சிந்தெடிக் ஆயில் கசிய வாய்ப்பு அதிகம். விதிவிலக்கும் உண்டு. பியூஜோ 403, 404 கார்களில் டிஃபரன்ஷியல் வார்ம் வகை, அதாவது திருகு போன்ற தண்டு பெரிய சக்கரத்தைச் சுழற்றும்; அந்தப் பெரிய சக்கரம் வெண்கலம். அதில் கண்ணை மூடிக்கொண்டு ஜி.எல்.-5 ஊற்றக் கூடாது. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள ஜாகுவார் மாதிரி கார்களுக்கு, அதற்கென்றே மருந்து கலந்த ஆயில் வேண்டும். இல்லையென்றால் திருப்பத்தில் பின்பக்கம் உதறும்.

இன்னொரு கெட்ட வழக்கம், டிஃபரன்ஷியல் ஊளையிட்டால் 90-ஐவிடக் கெட்டியான 140 ஆயிலை ஊற்றி வாயை அடைப்பது. பினியனின் முன்பக்க பேரிங்குக்குத் தனியாக பம்ப் கிடையாது. கிரௌன் வீல் சுழன்று வாரியடிக்கும் ஆயில்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், அதுவும் காலையில் வண்டியை எடுக்கும்போது, அந்த இடத்துக்கு மெதுவாகத்தான் போகும். சத்தம் அடங்கும், தேய்மானம் நிற்காது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் லெவல் பிளக்கைத் திறந்து ஆயிலை விரலால் தொட்டுப் பாருங்கள். தேன்போல இழுத்தால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

ஆயில் மாற்றும்போது வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருக்கும்போது கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்த ஆயிலில் சாம்பல் நிற மைபோன்ற இரும்புத்தூள் இருந்தால் கவலையில்லை. செதில் செதிலாக வந்தால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் மழைநீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 2015 சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதை நிறையப் பார்த்தேன். அந்த ப்ரீதரையும் ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தாண்டி ஆயில் பிரேக் ஷூ வரைக்கும் போகும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பல ஹெரால்டு டிஃபரன்ஷியல்களில் வடிக்கும் பிளக்கே கிடையாது. ஃபில்லர் துளை வழியாகக் குழாய் விட்டு சிரிஞ்சால் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். மொத்தமே சுமார் 570 மில்லி பிடிக்கும். துளையின் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, மிச்சம் சொட்டி முடிந்த பிறகு பிளக்கை இறுக்குங்கள்.