வீட்டு எடைக்கருவி காட்டும் கொழுப்பு விழுக்காட்டை எவ்வளவு நம்பலாம்?

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் சென்ற வாரம் என் அறைக்கு வந்து, உட்காருவதற்கு முன்பே, வீட்டு எடைக்கருவியின் செயலி திறந்திருந்த கைப்பேசியை நீட்டினார். "கொழுப்பு 21.4 தான் டாக்டர், பச்சையில காட்டுது" என்றார். அந்தப் பச்சை நிறத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியிருந்தார். டேப்பை வைத்து அளந்தபோது வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. இருந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 8.2 விழுக்காடு. இப்படிக் கைப்பேசியோடு வருபவர்கள் பெருகிக்கொண்டே போவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கருவி உங்கள் கொழுப்பை அளப்பதே இல்லை. அது உண்மையில் அளப்பவை இரண்டு மட்டுமே. ஒன்று எடை, மற்றொன்று, பாதத்தின் கீழுள்ள உலோகத் தகடுகள் வழியே செலுத்தும் மிக மெல்லிய மின்னோட்டத்துக்கு உடல் காட்டும் தடை. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் பாயாது என்பதை வைத்து, நீங்கள் பதிவு செய்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றையும் சேர்த்து, ஒரு சூத்திரத்தின்படி கொழுப்பை அது ஊகிக்கிறது. பாதத்தில் மட்டும் தகடு உள்ள கருவியில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. நாங்கள் கவலைப்படும் வயிற்றுப் பகுதியை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஆனாலும் உள்ளுறுப்புக் கொழுப்பு இவ்வளவு, உடலின் வயது இவ்வளவு என்று திரையில் எண்கள் வரிசையாக வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால், செயலியில் உங்கள் வயதைப் பத்தாண்டு குறைத்துப் பதிவு செய்துவிட்டு மீண்டும் ஏறி நின்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் கொழுப்பு விழுக்காடு மாறிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் உடலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் இருப்பதாலேயே அந்த எண் துல்லியமானது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

உடலின் நீர் அளவு மாறினாலும் இந்த எண் மாறும். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் தடை கூடுவதால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். உணவு, உடற்பயிற்சி, மாதவிடாய்க்கு முந்தைய நீர்த்தேக்கம், வறண்டு வெடித்த பாதம் எல்லாமே கணக்கைக் குலைப்பவை. ஒரே வாரத்தில் 31 என்பது 34 ஆகிவிட்டதே என்று இரவு உணவையே நிறுத்திவிட்ட இளம்பெண்ணிடம், ஒரு வாரத்தில் அவ்வளவு கொழுப்பு சேர வழியே இல்லை என்று புரியவைக்க நெடுநேரம் ஆயிற்று. பார்த்தே ஆக வேண்டுமென்றால், காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், அதே கருவியில் பாருங்கள். பல வாரப் போக்கை மட்டும் கவனியுங்கள்.

கழுத்தையும் இடுப்பையும் அளந்து கொழுப்பு விழுக்காட்டை இணையத்தில் கணக்கிடும் முறை 1980களில் அமெரிக்கக் கடற்படையினரை வைத்து உருவாக்கப்பட்டது. நம் உடல்வாகுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தோல்மடிப்பைக் கிள்ளி அளக்கும் காலிபர் பழகிய கையில் பயன்படும். ஆனால் தம்மைத் தாமே கிள்ளி அளப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்தான் கிடைக்கும். தோலுக்கடியில் உள்ளதைத் தாண்டி அது எதையும் அறியாது.

எடைக்கருவியின் இந்தப் பிழை நம்மவர்களுக்குச் சிறியதன்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியீடு (BMI) இருவருக்கும் 22.3 தான்; எக்ஸ்ரே கொண்டு உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் யுட்கினின் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னால் வந்தும் இருக்கும் நம் ஆண்களிடம் கால்களை மட்டும் பார்த்துக் கணக்குச் சொல்லும் கருவி எப்படி ஏமாறும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் அளக்க ஒரு தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், நின்றபடி, இயல்பாக மூச்சை விட்டபின் அளவெடுங்கள், வயிற்றை எக்காதீர்கள். பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே கட்டுவது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், கருவி எந்த நிறம் காட்டினாலும், இரத்தச் சர்க்கரையையும் இரத்தக் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அந்த முடிவுகளைக் கொண்டு மருத்துவர் சொல்லட்டும்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்னோட்டம் செலுத்தும் இந்தக் கருவியில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உடலில் நீர் சேரும்போது எடை ஏறும், ஆனால் கொழுப்பு விழுக்காடு இறங்கியதாகக் காட்டும்; தசை கூடிவிட்டது என்று மகிழ்ந்து இருந்துவிடாதீர்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.