பாட்டை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள்

பள்ளிகளில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் ஒரு பயிற்சி கொடுப்பேன். அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு சினிமாப் பாட்டைச் சத்தமில்லாமல் ஓடவிடுவேன். ஒவ்வொரு ஷாட்டிலும் காட்டப்படுவது முகமா, உடம்பின் ஒரு பகுதியா என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். நாயகனுக்குத் தனியாக, நாயகிக்குத் தனியாக.

முதலில் சிரிப்பும் கிண்டலுமாகத்தான் இருக்கும். கோடுகள் சேரச் சேர அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். "மிஸ், அவன் பனியில ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டிருக்கான். அந்த அக்கா மட்டும் மெல்லிசா ஒரு சேலையில நிக்கிறாங்க." கேமரா காலில் தொடங்கி இடுப்பு வழியாக மேலே ஏறி, முகத்துக்கு வருவதற்குள் ஷாட் மாறிவிட்டதை ஒரு மாணவி கவனித்துச் சொன்னாள். பின்னால் ஆடும் பெண்களின் முகத்துக்கென்று ஒரு ஷாட்கூட இல்லை.

இதைச் சொன்னால் சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. "அப்போ பொண்ணுங்க ஆடவே கூடாதா?" தாராளமாக ஆடட்டும். ஆட்டத்திலும் உடையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேமரா எதைப் பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி. அதே ஆட்டத்தை முழு உருவமும் தெரிய எடுத்தால் ஆடுபவரின் திறமை தெரியும். இடுப்பு, தொடை, மார்பு என்று துண்டு துண்டாக எடுத்தால் அங்கே ஆளே இல்லை.

2015 டிசம்பரில் நடிகர் சிம்பு பாடிய, கெட்ட வார்த்தை வரும் 'பீப்' பாட்டு வெளியானபோது மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின, கோவையில் போலீஸ் வழக்கும் பதிவு செய்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது ஒரு கெட்ட வார்த்தைக்காக எழுந்த கோபம். வார்த்தையே இல்லாமல் கேமரா செய்வதற்கு யாரும் புகார் கொடுப்பதில்லை.

தன்னை அடுத்தவர் கண்ணால் பார்த்துப் பார்த்து, கடைசியில் அந்தக் கண்ணையே பெண் தன்னுடையதாக்கிக்கொள்கிறாள் என்று பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஃப்ரெட்ரிக்சன் குழுவினர் கல்லூரி மாணவ மாணவியரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கண்ணாடி உள்ள அறையில் தனியாக, சிலர் நீச்சலுடையும் சிலர் ஸ்வெட்டரும் போட்டுப் பார்த்தார்கள். அப்படியே ஒரு கணக்குத் தேர்வும் எழுதினார்கள். நீச்சலுடையில் இருந்த பெண்களுக்கு மதிப்பெண் குறைந்தது. ஆண்களுக்கு அப்படிக் குறையவில்லை. அறையில் வேறு யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை நான் நேரிலேயே பார்க்கிறேன். நன்றாகக் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "ஓடும்போது பின்னாலிருந்து எப்படித் தெரியுறேன்னே நினைப்பு ஓடுது மிஸ்" என்றாள். பேசும்போதும் ஓவர்கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில், தெருவில், சொந்தக்காரர்கள் மத்தியில் அவள் கேட்டதும் பட்டதும் சேர்ந்துதான் இது. ஆனால் தினம் தினம் கைபேசியில் அதே பார்வையைப் பழக்கிக் கொடுப்பது அந்தப் பாட்டுகள்தான்.

பையன்களும் கற்றுக்கொள்கிறார்கள். பின்னாலேயே போனால், வழிமறித்தால், அவள் கடைசியில் சிரித்துவிடுவாள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பாடம். "முதல்ல வேணாம்னுதான் மிஸ் சொல்லுவாங்க" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் என்னிடம் சாதாரணமாகச் சொன்னான். அவன் கெட்ட பையன் இல்லை. அவனிடம் யாரும் வேறு மாதிரி பேசியதில்லை, அவ்வளவுதான்.

பாட்டு பார்க்காதே என்று தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மறைவாகப் பார்ப்பார்கள். கூடவே உட்கார்ந்து பாருங்கள். "அந்த அக்கா இதுல என்ன வேலை பார்க்கிறாங்க? அவங்களுக்குப் பிடிக்கலைன்னு முகத்துல தெரியுதே, அவன் ஏன் நிறுத்தலை?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், ஆண்டு விழா. இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் குத்துப்பாட்டைக் கொடுத்து, கண்ணடிக்கவும் இடுப்பை வெட்டவும் சொல்லித்தந்து கைதட்டுகிறோம். ஒத்திகை தொடங்கி, உடைக்குப் பணமும் கட்டிய பிறகு எந்தப் பள்ளியும் பாட்டை மாற்றாது. பட்டியல் தயாராகும் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் போய், என்ன பாட்டு என்று கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போனால் பெரும்பாலும் மாற்றிவிடுகிறார்கள்.